ஆரஞ்சு ஜூஸ்: சுத்தம் வேறு, சர்க்கரை வேறு

கடையில் ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர்கள் "இது சுத்தமான ஜூஸ்தானா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 'ஆமாம்' என்று பதில் வந்ததும், சர்க்கரையைப் பற்றிய கவலையும் அதோடு தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு சிட்டிகைச் சர்க்கரையோ சேர்க்காமல் நம் கண்ணெதிரே பிழிந்த ஜூஸிலும் 100 மில்லிக்கு 8 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கோலா பானங்களில் இருப்பது 10, 11 கிராம். சுத்தமும் சர்க்கரையும் இரண்டு தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை வைத்து மற்றொன்றை முடிவு செய்யக்கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறு குழந்தைகளின் பெற்றோர், உடம்புக்கு முடியாதவரைப் பார்க்கப் போகும்போது ஜூஸ் பாக்கெட் வாங்கிப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

ஒரு டம்ளருக்குள்

200 மில்லி டம்ளரைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதில் 88 சதவீதம் தண்ணீர். அடுத்த பெரிய பங்கு சர்க்கரை, ஏறக்குறைய 17 கிராம். தேக்கரண்டிக் கணக்கில் நான்குக்கு மேல். இந்தச் சர்க்கரையில் பாதி சுக்ரோஸ், அதாவது நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் அதே வெள்ளைச் சர்க்கரையின் மூலக்கூறு. மீதிப் பாதியைக் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கிட்டத்தட்டச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. பழத்திலிருந்து வந்த சுக்ரோஸுக்கும் கரும்பிலிருந்து வந்த சுக்ரோஸுக்கும் குடலில் வேறுபாடு கிடையாது. இரண்டும் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்தே உள்ளே போகின்றன.

நாக்கு இவ்வளவு சர்க்கரையைக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் சிட்ரிக் அமிலம். ஜூஸில் அது சுமார் ஒரு சதவீதம் இருக்கிறது, கூடவே கொஞ்சம் மாலிக் அமிலமும். புளிப்பு இனிப்பை மறைக்கிறது. "புளிப்பாகத்தானே இருக்கிறது, சர்க்கரை குறைவாகத்தான் இருக்கும்" என்று நாக்கை நம்பிச் சொல்வது தவறு.

நல்லவையும் நிறைய உண்டு. 200 மில்லியில் 100 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவுப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். 400 மில்லிகிராம் பொட்டாசியமும், 60 மைக்ரோகிராம் அளவுக்கு ஃபோலேட்டும் இருக்கின்றன. இந்த வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. அதனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் அரை டம்ளருக்கு மதிப்பு அதிகம். ஆனால் வைட்டமின் சி ஒன்றுக்காகவே ஜூஸ் வாங்குகிறவர்கள், கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இல்லாமல் போவது நார்ச்சத்து. 130 கிராம் எடையுள்ள ஒரு முழு ஆரஞ்சில் 12 கிராம் சர்க்கரையும் 3 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. வடிகட்டிய ஜூஸ் டம்ளரில் சர்க்கரை 17 கிராமாக ஏறுகிறது, நார்ச்சத்தோ அரை கிராமைக்கூடத் தொடுவதில்லை. ஒரு பழத்தை உரித்து, சுளை சுளையாக மென்று தின்னப் பத்து நிமிடம் ஆகும். மூன்று பழத்தின் சாற்றை ஒரே மூச்சில் குடித்துவிடலாம். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டலில், முழுப் பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையை விட்டுவிட்டு, ஜூஸில் இருப்பதை மட்டும் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரையோடு சேர்த்தது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த வரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. ஒரு டம்ளர் சுத்தமான ஜூஸ் அந்த 25-இல் 17-ஐ எடுத்துக்கொண்டுவிடும். காலைக் காப்பிக்குப் போடும் சர்க்கரைக்குக்கூட அப்புறம் இடம் தேட வேண்டியிருக்கும்.

எந்தப் பழத்தின் சாறு?

உலகச் சந்தையில் ஆரஞ்சு ஜூஸ் என்றால் சிட்ரஸ் சைனென்சிஸ் என்ற இனத்தின் சாறு. ஃபுளோரிடாவிலும் பிரேசிலிலும் விளையும் வாலென்சியா இந்த இனம்தான். நம் ஊர் ஜூஸ் கடையில் அடுக்கியிருக்கும் சாத்துக்குடியும் இதே இனம். நாம் ஆரஞ்சு என்று சொல்லிக் கையால் உரித்துத் தின்கிற நாக்பூர், குடகு கமலாப் பழங்கள் சிட்ரஸ் ரெட்டிகுலேட்டா எனும் வேறு இனம். அமெரிக்கச் சட்டம் ஆரஞ்சு ஜூஸில் கமலா இனச் சாற்றைப் பத்து சதவீதம் வரைதான் சேர்க்க விடுகிறது. ஆக, கடைக்காரர் பிழிந்து தரும் சாத்துக்குடி ஜூஸ், அந்த இலக்கணப்படி பார்த்தால் அசல் ஆரஞ்சு ஜூஸ்.

இதைச் சொல்வதற்குக் காரணம் நிறம். சாத்துக்குடிச் சாறு வெளிறிய மஞ்சள். பளீரென்ற ஆரஞ்சு நிறம்தான் சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். பாட்டிலில் வரும் பானம் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தால், பொருள் பட்டியலில் ஐ.என்.எஸ். 110 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது சன்செட் யெல்லோ என்ற செயற்கை நிறமி. 102 என்றால் டார்ட்ரசின். அசல் ஜூஸுக்கு இரண்டும் தேவையில்லை.

பாக்கெட்டுக்குள் வந்த வழி

ஜூஸ் கெட்டுப்போகாமல் தூரதேசம் போக வேண்டுமானால் தண்ணீரை எடுத்துவிட்டுச் சுண்டவைக்க வேண்டும். 1940-களில் ஃபுளோரிடாவில் மெக்டவல், மூர், அட்கின்ஸ் என்ற மூவர் இதில் ஒரு வழியைக் கண்டார்கள். வெற்றிடத்தில் குறைந்த சூட்டில் சுண்டவைத்து, போன மணத்தை ஈடுகட்ட அதில் கொஞ்சம் பச்சைச் சாற்றைக் கலந்து உறையவைத்தார்கள். 1948-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்திலிருந்து கப்பல் கப்பலாகப் போகும் கெட்டிச்சாறு, அதாவது கான்சன்ட்ரேட், இந்த வழியில் வளர்ந்ததுதான். வந்து சேர்ந்த இடத்தில், எடுத்த அளவுக்குத் தண்ணீரைத் திரும்பச் சேர்த்துப் பாக்கெட்டில் அடைக்கிறார்கள்.

'கான்சன்ட்ரேட்டிலிருந்து தயாரிக்காதது' என்று விலை கூட்டி விற்கும் ஜூஸும் உண்டு. அதைச் சுண்டவைப்பதில்லை. ஆனால் சூடாக்கி, காற்றை வெளியேற்றி, பெரிய தொட்டிகளில் பல மாதம் வைத்திருக்கிறார்கள். காற்றோடு மணமும் போய்விடும். பாக்கெட்டில் அடைக்கும்போது ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலிருந்தும் சாற்றிலிருந்தும் பிரித்த மணப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவை ஆரஞ்சிலிருந்தே வந்தவை என்பதால் அமெரிக்காவில் லேபிளில் தனியே எழுத வேண்டியதில்லை. அலிசா ஹாமில்டன் 2009-இல் ஒரு புத்தகமே எழுதி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உடலுக்கு இதனால் கேடு ஒன்றுமில்லை. ஆனால் நேற்றுப் பிழிந்தது போன்ற படத்தை அட்டையில் அச்சிட்டு விற்பதை நேர்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

லேபிளை வாசிக்கும் முறை

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். அங்கே இருப்பது விளம்பரம். '100 சதவீதப் பழச்சாறு' என்ற வாசகம் இந்தியாவில் வெகுநாள் முன்பக்கத்தில்தான் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 ஜூனில், தண்ணீர் சேர்த்து மீட்டெடுத்த ஜூஸ் பாக்கெட்டுகளிலும் விளம்பரங்களிலும் அந்த வாசகத்தை எடுக்கும்படி உத்தரவிட்டது. அதே உத்தரவு இன்னொன்றையும் நினைவூட்டியது: ஒரு கிலோ ஜூஸில் 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்திருந்தால் 'இனிப்பூட்டப்பட்ட ஜூஸ்' என்று எழுதியாக வேண்டும்.

பின்பக்கத்தில் முதலில் பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைவானது கடைசியில் என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீர், சர்க்கரை, அதன்பிறகு ஆரஞ்சு என்று வரிசை போனால் அது ஜூஸே இல்லை, பழச்சுவை பானம். நம் நாட்டில் 'ரெடி டு சர்வ்' பழபானத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சச் சாறு வெறும் 10 சதவீதம். மீதி 90-ஐத் தண்ணீரும் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் மணமும் நிரப்பலாம். அட்டையில் அதே பழத்தின் படம், அதே சொட்டும் துளி.

கான்சன்ட்ரேட் எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். இது தெரியாமல் நல்ல ஜூஸை ஒதுக்குகிறவர்களும் உண்டு, தண்ணீரை ஜூஸ் என்று வாங்குகிறவர்களும் உண்டு. 100 கிராம் ஜூஸில் கரைந்திருக்கும் திடப்பொருள் எத்தனை கிராம் என்பதைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஆரஞ்சில் அதன் பெரும்பங்கு சர்க்கரைதான். கெட்டிச்சாற்றின் பிரிக்ஸ் சுமார் 65. அதைத் தண்ணீர் சேர்த்து மீட்கும்போது ஐரோப்பா கேட்கும் குறைந்த அளவு 11.2, அமெரிக்கா கேட்பது 11.8. 11.2-ஐ 65-ஆல் வகுத்தால் 17 சதவீதம் வரும். அதாவது 'ஆரஞ்சு கான்சன்ட்ரேட் 17 சதவீதம்' என்று இருந்தால் அது முழுச் சாறு. '4 சதவீதம்' என்று இருந்தால் அதில் சாறு கால் பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கான்சன்ட்ரேட் சதவீதத்தை ஆறால் பெருக்குங்கள், சாற்றின் பங்கு தோராயமாகக் கிடைத்துவிடும். பக்கத்தில் 'சாறாகக் கணக்கிட்டால் இத்தனை' என்று எழுதியிருந்தால் இந்தப் பெருக்கல் வேண்டாம்.

அடுத்து ஊட்டச்சத்து அட்டவணை. மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை என்று இரண்டு வரிகள் இருக்கும். சேர்த்த சர்க்கரை பூஜ்ஜியம் என்றால் சுத்தத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு பாதிப் பதில் கிடைத்தது. சர்க்கரைக் கேள்விக்குப் பதில் மேல் வரியில் இருக்கிறது. அதையும் 100 மில்லிக்கு என்று போட்டிருப்பார்கள். நீங்கள் குடிக்கப் போகும் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தைப் பார்த்துச் சர்க்கரையே இல்லை என்று எண்ணி, சர்க்கரை நோயாளிக்கு ஒரு லிட்டர் பாக்கெட் வாங்கித் தருகிறவர்கள் உண்டு. அந்த ஒரு லிட்டருக்குள் 80 முதல் 100 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் பழச்சாற்றில் சர்க்கரை சேர்ப்பதையே தடை செய்தது. தடைக்குப் பிறகும் ஜூஸின் சர்க்கரை அளவு கீழே போகவில்லை, ஏனென்றால் அது பழத்திலிருந்து வந்தது.

பழத்துச் சர்க்கரை எப்போதும் ஒரே அளவாக இருப்பதும் கிடையாது. சிட்ரஸ் கிரீனிங் என்ற நுண்ணுயிர் நோய் 2005-இல் ஃபுளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு எடுத்த அந்த மாநிலம், 2024-25-இல் எடுத்தது சுமார் 1.2 கோடிப் பெட்டி. எஞ்சிய மரங்களின் பழத்தில் இனிப்பும் குறைந்துபோனது. பாஸ்சரைஸ் செய்த ஜூஸுக்கு 1963 முதல் இருந்துவரும் 10.5 என்ற பிரிக்ஸ் வரம்பை 10-ஆகத் தளர்த்தலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025-இல் முன்மொழிந்தது.

கலப்படம் பிடிபடும் விதம்

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், டிஷ்யூ தாளில் ஊற்றிப் பாருங்கள் என்று கைபேசியில் சுற்றும் சோதனைகளை நம்பாதீர்கள். ஜூஸில் சேர்த்த சர்க்கரையைக் கண்டுபிடிக்க வீட்டில் வழியே இல்லை. சேர்த்ததும் ஏற்கெனவே இருந்ததும் ஒரே மூலக்கூறு. சுவையிலும் ஒட்டுவதிலும் கரைவதிலும் அவை வேறுபடாது.

ஆய்வுக்கூடம் இதைக் கண்டுபிடிக்கும் முறை அருமையானது. காற்றிலுள்ள கார்பனில் சுமார் ஒரு சதவீதம் கொஞ்சம் எடை கூடியது, கார்பன்-13. ஆரஞ்சு மரம் ஒளிச்சேர்க்கை செய்யும் வழியில் இந்தக் கனத்த கார்பன் குறைவாகவே உள்ளே போகிறது. கரும்பும் மக்காச்சோளமும் வேறு வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை, அவற்றில் அது கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே ஜூஸில் கரும்புச் சர்க்கரையோ மக்காச்சோளச் சிரப்போ கலந்தால் இரண்டு கார்பன்களின் விகிதம் நகர்ந்துவிடும், கருவி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கலப்படக்காரர்கள் இதற்கும் மாற்று வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் சர்க்கரை எடுப்பது பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து. அதன் ஒளிச்சேர்க்கை ஆரஞ்சு மரத்தைப் போன்றது, கார்பன் சோதனையில் அகப்படாது. அந்த ஓட்டையை அடைத்தது பிரான்சின் நாந்த் நகரில் ஜெரார் மார்த்தான் குழு உருவாக்கிய முறை. ஒயினில் சர்க்கரை சேர்ப்பதைப் பிடிக்கத்தான் அதை முதலில் உருவாக்கினார்கள். சர்க்கரையைச் சாராயமாக நொதிக்கவைத்து, அந்த மூலக்கூறின் எந்தெந்த இடத்தில் கனத்த ஹைட்ரஜன் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவியால் அளந்தார்கள். பீட் சர்க்கரையும் அதில் மாட்டியது. சர்க்கரைத் தண்ணீர் கலந்தால் பொட்டாசியமும் புரோலின் போன்ற அமினோ அமிலங்களும் நீர்த்துப்போகும். ஜெர்மனியில் இவற்றுக்கெல்லாம் அசல் ஜூஸில் இருக்க வேண்டிய வரம்புகளை அட்டவணையாக வைத்து ஒப்பிட்டார்கள்.

நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பது கரும்புச் சர்க்கரை, அதாவது கார்பன் சோதனையில் மாட்டும் வகை. சந்தேகப்படும் பாக்கெட்டை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொண்டுபோய்ப் புகார் கொடுக்கலாம். பில்லையும் பாக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

ஜூஸ் கடையிலும் வீட்டிலும்

ஜூஸ் கடையில் சர்க்கரை கேட்காமலே விழும். இரண்டு மேசைக்கரண்டி போட்டால் 25 கிராம், பழத்தில் இருப்பதோடு சேர்த்து 40 கிராமைத் தாண்டும். "சர்க்கரை வேண்டாம், ஐஸ் வேண்டாம்" என்று பழம் நறுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்பது யாருக்கும் தெரியாது. ஜூஸின் புளிப்பே கிருமியைக் கொன்றுவிடும் என்பதும் சரியில்லை. 1999-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சூடாக்காத ஆரஞ்சு ஜூஸ் குடித்த நூற்றுக்கணக்கானோர் சால்மோனெல்லா தாக்கி நோயுற்றார்கள். முந்தைய நாளே பிழிந்து பாட்டிலில் வைத்திருப்பதை வாங்காதீர்கள்.

வீட்டில் பிழிவதானால் விதையை எடுத்துவிடுங்கள். மிக்ஸியில் விதையும் வெள்ளைத் தோலும் அரைபட்டால் ஜூஸ் கசக்கும். பிழிந்து வைத்த சாத்துக்குடி ஜூஸ் சில மணி நேரத்தில் கசந்துபோவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பழத்தின் சவ்வில் கசப்பில்லாத ஒரு பொருள் இருக்கிறது. சாற்றின் அமிலத்தோடு சேர்ந்ததும் அது மெல்ல லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. கெட்டுப்போனதாலோ கலப்படத்தாலோ வருவதில்லை அந்தக் கசப்பு. வைட்டமின் சி-யும் பிழிந்த சில நிமிடத்தில் பறந்துவிடாது, புளிப்பே அதைக் காக்கும். மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். உரித்த சுளைகளைக் கொட்டை நீக்கி மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடித்தால் நார்ச்சத்தில் ஒரு பங்காவது கிடைக்கும்.

யாருக்கு எவ்வளவு

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜூஸ் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் சொன்னது. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளைக்கு 125 மில்லி, அதற்கு மேல் 250 மில்லி என்பது அவர்கள் வைத்த உச்ச வரம்பு. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று பொருள் கொள்ளாதீர்கள். பழமாகக் கொடுப்பதையே அவர்களும் விரும்புகிறார்கள். பாட்டிலில் ஊற்றிக் குழந்தை வாயில் வைத்துத் தூங்கவிடுவது பல்லுக்குக் கேடு.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அன்றாடத்துக்குப் பழத்தை வைத்துக்கொண்டு ஜூஸை விட்டுவிடுவது நல்லது. ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுத்து, சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்க்கும்போது இதே ஜூஸ்தான் கைகொடுக்கும். 15 கிராம் சர்க்கரை வேண்டும், அதற்கு ஏறக்குறைய 180 மில்லி தேவைப்படும். பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். இந்த நேரத்துக்கு என்று வீட்டில் ஒரு சிறிய பாக்கெட் வைத்திருப்பவர்கள் அது இனிப்பைக் குறைத்த வகையா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த வகை அப்போது உதவாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டம்ளருக்கு 400 மில்லிகிராம் பொட்டாசியம் என்ற கணக்கை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டபின்பே குடிக்கலாம். அலர்ஜிக்கு ஃபெக்ஸோஃபெனடின் சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரையை ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கினால் மருந்து குடலில் சரியாக ஏறாது. தண்ணீரில் விழுங்குங்கள். ஜூஸை வேறொரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.